இலையானும் எழுத்துத் தமிழும்

பகிடிப் படப்புத்தகங்களுக்கு இந்தப் பக்கங்களில் இடம் கேட்பது சிலருக்கு நெருடலாம். ஆனால் வாசிப்பென்றால் ஓடி ஒளிந்த பிள்ளைகள் சிலரை இங்கே மொன்றியலில் வாசிக்க வைத்தவை அவைதாம் என்பதை நான் கண்டிருக்கிறேன். 1977இன் 101ஆம் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, குடிவந்தோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டும். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க எம்மில் பலருக்குப் பிரெஞ்சு போதாது.

இந்நகரத்து ஓவியரும் எழுத்தாளருமான எலிஸ் கிராவெல் (2012இல் கனடிய ஆளுநர் நாயகம் விருது பெற்றவர், 2019இல் அகதி என்றால் யாரென்று சிறுவருக்குப் படங்களால் சொன்னவரும் இவர்தான்) இலையான், புழு, எலி, பேன் என்று அருவருப்பான உயிர்களைப் பற்றி ஒரு புத்தக வரிசை செய்திருக்கிறார். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியங்கள். கதைசொல்லி உயிரியல் தகவலை நிதானமாகச் சொல்ல, அந்தப் பிராணி பேச்சுக் குமிழுக்குள் இருந்து குறுக்கே கதைக்கிறது, மறுக்கிறது, பெருமையடிக்கிறது. வசனம் விளங்காத பிள்ளைக்கும் முகம் விளங்கும். சிரிப்பு எங்கே இருக்கிறதென்று பார்க்க வசனத்துக்குத் திரும்பிப் போகும். பாடப்புத்தகத்தால் செய்விக்க முடியாத வேலை அது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரட்டைக் குரல். எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரமுள்ள தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறென்ன? வீட்டில் கேட்ட 'இலையான்' புத்தகத்தில் 'ஈ' ஆகிறது. 'கதைக்கிறான்' 'பேசுகிறான்' ஆகிறது. பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் அடுத்து, எழுத்துத் தமிழ் பிள்ளைக்கு மூன்றாவது அந்நிய மொழியாகிவிடுகிறது. கதைசொல்லிக்கு எழுத்துத் தமிழையும் குமிழுக்கு வீட்டுத் தமிழையும் கொடுத்தால், தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போகலாம்.

சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. லக்கி லூக் லயனில் தமிழ் பேசியது. எமது பிள்ளைகள் அதே கௌபோயைப் பிரெஞ்சில் சந்திக்கிறார்கள். ஆனால் அது தமிழகத்துத் தமிழ். 'சிரித்திரன்' சிவஞானசுந்தரத்தின் சவாரித் தம்பர் யாழ்ப்பாணப் பேச்சை அச்சில் ஏற்றினார். அதுவோ வளர்ந்தவர்களுக்கான நையாண்டி. எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியொன்றை நாம் செய்யவில்லை. இலக்கணம் கெட்டுவிடுமென்ற பயமும், படக்கதை இலக்கியமல்ல என்ற எமது இளக்காரமும் இதில் சமபங்காளிகள்.

எந்த ஊர்ப் பேச்சு என்று உடனே சண்டை வரும். வரட்டும். இலையான் யாழ்ப்பாணத்தில் கதைக்கட்டும், புழு மட்டக்களப்பில், பேன் மலையகத்தில். குமிழ்களுக்கா பஞ்சம்?