வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு காவல்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அவ்வாண்டு ஒருங்கே இடம்பெற்ற பன்னிரு மராட்டியக் கோட்டைகளுள் தமிழகத்தில் உள்ளது இஃதொன்றே. இதனைப் பற்றிப் பள்ளிக் கட்டுரை எழுதவே நம் பிள்ளைகள் கணிப்பொறியின் முன் அமர்கின்றனர். தேடிய செய்திக்கு முன்னே சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கிறது!

இராசகிரியின் உச்சிக்குச் செல்வோர் பாறைப் பிளவின் மேலுள்ள சிறு பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். இணையத்திற்கு அத்தகைய பாலமே உலாவி. அங்கே காவல் வைப்பது எளிது, செலவும் இல்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியில் 'யுபிளாக் ஒரிஜின்' என்னும் நீட்சியைச் சேர்த்தால் பெரும்பாலான விளம்பரங்கள் மறைந்துவிடும். ஆயினும் நீட்சி என்று பெயர் கொண்டவை யாவும் நல்லவையல்ல. நாம் காணும் பக்கங்களையெல்லாம் படிக்க அவற்றுட் பல அனுமதி கேட்கும். ஆதலால் உலாவியின் சொந்தத் தளத்திலிருந்தே, அதுவும் தேவையான ஒன்றிரண்டையே பெறவேண்டும். வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணிப்பொறியாயின் இவ்விழிப்பு இன்றியமையாதது.

அடுத்து, தமிழ். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்துள்ளன. விண்டோஸின் மொழி அமைப்பில் இதனைச் சேர்க்கலாம். சில நாள் பழகினால் விரல்கள் தாமே ஓடும். 'செஞ்சி' என்று தமிழிலேயே தேடலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் உலாவியில் புத்தகக்குறிகளாக இட்டுவைத்தல் நன்று. பாட்டியாருக்கோ எழுத்து பெரிதானாலே போதும்: கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்துக.