விழித்திரையில் பதியும் பிரஷர்

1892-ஆம் ஆண்டு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பணியாற்றிய மார்கஸ் கன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சிறுநீரகக் கோளாறும் மூளைப் பாதிப்பும் இருந்த சிலரின் கண்ணுக்குள் தான் பார்த்ததைச் சக மருத்துவர்களிடம் விவரித்தார். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் மெலிந்திருந்தன. வழக்கத்துக்கு மாறாகப் பளபளத்தன. ஒரு குழாய் இன்னொன்றைக் குறுக்கே கடக்கும் இடத்தில், அடியில் இருந்தது நசுங்கிக் கிடந்தது.

இது உயர் ரத்த அழுத்தத்தின் வேலை என்று இன்று மருத்துவக் கல்லூரி மாணவரே சொல்லிவிடுவார். கன்னின் கையில் அதை அளந்து பார்க்க வசதியான கருவி இல்லை. மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அழுத்தத்தை அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி வெளியிட்டது 1896-இல். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்கோவ் சொன்னது 1905-இல். கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் வழக்கம் வருவதற்கு முன்பே, பிரஷர் செய்த சேதத்தைக் கண் மருத்துவர்கள் நேரில் பார்த்துவிட்டார்கள்.

உடலில் கத்தி வைக்காமல் ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்க முடிகிற இடம் கண்ணின் உட்புறம்தான். அந்தக் கதவைத் திறந்தவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1851-இல் அவர் அறிமுகப்படுத்திய கண்ணாய்வுக் கருவி வரும்வரை, உயிருள்ள மனிதரின் கண்மணிக்குப் பின்னால் இருந்தது வெறும் இருட்டு. ஒளியை உள்ளே செலுத்தி, அது திரும்பி வரும் பாதையிலேயே பார்த்தால், ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு தளம் தெரியும். அதில் இளமஞ்சள் வட்டமாகப் பார்வை நரம்பின் முனை. அந்த வட்டத்திலிருந்து ஆற்றின் கிளைகளைப்போல மேலும் கீழும் பிரிந்து ஓடும் குழாய்கள்: இளஞ்சிவப்பில் ஒல்லியாகத் தமனி, அடர் சிவப்பில் சற்றுப் பருமனாகச் சிரை. தமனி இரண்டு பங்கு பருமன் என்றால் சிரை மூன்று பங்கு. அனுபவமுள்ள மருத்துவர் இந்தக் கணக்கு தப்பியிருப்பதைப் பார்த்த உடனே கேட்பார்: “பிரஷர் எப்போ பார்த்தீங்க?” கண்ணாடியை மாற்ற வந்தவர் திகைத்துப்போவார்.

கணக்கு ஏன் தப்புகிறது? அழுத்தம் கூடும்போது விழித்திரைத் தமனி தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது. பின்னால் இருக்கும் நுண்குழாய்களுக்குள் ரத்தம் மோதிப் பாயக் கூடாது என்பதற்காக உடல் செய்துகொள்ளும் தற்காப்பு அது. சில நாள் என்றால் கெடுதல் இல்லை. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குழாயின் சுவர் தடித்து இறுகுகிறது. உண்மையில் நாம் பார்க்கும் சிவப்பு குழாயின் நிறமல்ல. கண்ணாடிபோன்ற அதன் சுவர் வழியே தெரியும் ரத்தத்தின் நிறம். சுவர் தடிக்கத் தடிக்கச் சிவப்பு மங்கிச் செம்பு நிறம் ஏறுகிறது. இன்னும் தடித்தால் ரத்தமே கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளிச் சரிகைபோல மின்னுகிறது. ‘செப்புக் கம்பி’, ‘வெள்ளிக் கம்பி’ என்றே மருத்துவர்கள் இவற்றைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆபத்து அதிகம் இருப்பது குறுக்குச் சந்திப்புகளில். தமனியும் சிரையும் கடந்துபோகும் இடத்தில் இரண்டையும் ஒரே உறை போர்த்தியிருக்கிறது. பெரும்பாலும் தமனி மேலே, சிரை கீழே. இறுகிய தமனி மெல்லிய சிரையை அமுக்குகிறது. தடைபட்ட ரத்தம் அங்கே சுழல்கிறது. ஒருநாள் உறைந்து அடைத்துக்கொள்கிறது. காலையில் எழுந்தவருக்கு ஒரு கண்ணில் மேல்பாதியோ கீழ்பாதியோ புகை மூடியதுபோல இருக்கும். வலி துளியும் இல்லை. இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தே பழகியவர்கள் இதைக்கூடப் பல நாள் கவனிக்காமல் விடுவதுண்டு. விழித்திரைச் சிரை அடைப்பு என்ற இந்தக் கோளாறுக்கு உயர் ரத்த அழுத்தம் முக்கியமான காரணம்.

அழுத்தம் மேலும் ஏறினால் சுவர் கசிகிறது. நரம்பிழைகளின் வரிசையையொட்டிப் பரவும் ரத்தம் தீச்சுடர் வடிவில் தெரியும். ரத்தம் போய்ச் சேராத இடத்தில் நரம்பிழைகள் வீங்கிப் பஞ்சுத் துணுக்கை ஒட்டிவைத்ததுபோல வெள்ளைத் திட்டுகள் தோன்றும். கசிந்த கொழுப்பு, பார்வையின் மையப் புள்ளியைச் சுற்றி நட்சத்திரமாகப் படியும். கடைசியில் பார்வை நரம்பின் முனையே வீங்கும். அந்தக் கட்டத்தில் வந்தவரைக் கண் மருத்துவர் கண்ணோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். நேராக அவசர சிகிச்சைக்கு அனுப்புவார். ஏனென்றால் அதே நேரத்தில் மூளையும் சிறுநீரகமும் இதயமும் அடிவாங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வீக்கத்துக்கு என்ன பொருள் என்பதை 1939-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் மூவரும் காட்டினார்கள். 219 நோயாளிகளை விழித்திரை மாற்றங்களையும் மற்ற பாதிப்புகளையும் வைத்து நான்கு பிரிவுகளாகப் பிரித்தார்கள். லேசான மாற்றம் மட்டும் இருந்த முதல் பிரிவில் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 70 சதவீதம். நரம்பு முனை வீங்கியிருந்த நான்காம் பிரிவில் 6 சதவீதம்.

அன்று மருந்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1944-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் 186/108 என்று பதிவானது. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும் ஓய்வு, உணவுக் கட்டுப்பாடு, இதயத்துக்கான மருந்து தவிர பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார்; மூளையில் ரத்தக் கசிவு. அப்போது அளந்த அழுத்தம் 300/190. குளோரோதயசைடு மாத்திரை சந்தைக்கு வந்தது 1958-இல். வல்லரசின் அதிபருக்குக் கிடைக்காத வகை மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அது வீட்டு வாசலுக்கே வருகிறது.

கண்ணுக்கும் மூளையின் பெரும்பகுதிக்கும் ரத்தம் போவது ஒரே கழுத்துத் தமனி வழியாக. ஆகவே ஒன்றில் தெரிவது மற்றொன்றையும் பற்றிச் சொல்லும். 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, உயர் ரத்த அழுத்தம் உள்ள 2,907 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் தொடர்ந்தது. விழித்திரையில் லேசான பாதிப்பு இருந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். நடுத்தரம் அல்லது கடுமையான பாதிப்பு இருந்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். மாத்திரையால் பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. கிளினிக்கில் காட்டும் எண் அந்த நிமிடத்தின் கணக்கு; விழித்திரையில் இருப்பது பல ஆண்டுகளின் வரவு செலவு.

இந்தக் கணக்கைக் கணினியும் படிக்கத் தொடங்கிவிட்டது. 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவித்தார்கள். படத்தை மட்டும் பார்த்து ஒருவரின் வயதை ஏறக்குறைய மூன்று ஆண்டு வித்தியாசத்திலும், மேல் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 11 புள்ளி வித்தியாசத்திலும் அது கணித்தது. இதற்கு முன்பு, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் அவர்களின் 2016 ஆய்வுக்குப் படங்கள் தந்த கண் மருத்துவமனைகளில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. ஆனாலும் பிரஷர் பார்க்கக் கையில் கட்டும் பட்டையே போதும், அதுவே துல்லியம். படத்தின் மதிப்பு, நடந்துவிட்ட சேதத்தைக் காட்டுவதில் இருக்கிறது.

நம் ஊரில் ஒரு குறை. சுகர் வந்தால் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரியும். பிரஷருக்கும் அது தேவை என்பது அவ்வளவாகப் பரவவில்லை. “பார்வை நல்லாத்தானே இருக்கு” என்பதே பதில். மையப் புள்ளி பாதிக்கப்படும்வரை பார்வை நன்றாகத்தான் இருக்கும், சிக்கலே அதுதான். இன்னொரு பக்கம், “நார்மல் ஆயிடுச்சு” என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள். நார்மலாக வைத்திருப்பது அந்த மாத்திரை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

நல்ல செய்தியும் உண்டு. அழுத்தம் கட்டுக்குள் வந்தால் ரத்தத் திட்டுகளும் பஞ்சுத் திட்டுகளும் வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடும். செப்புக் கம்பியும் நசுங்கிய சந்திப்பும் மட்டும் பெரும்பாலும் நிலைத்துவிடும். சிரை அடைத்து மையப் பகுதி வீங்கினால் கண்ணுக்குள் போடும் ஊசியும் லேசரும் உதவுகின்றன. மிக உயர்ந்த அழுத்தத்தை ஒரேயடியாக இறக்குவதும் தவறு. உயர் அழுத்தத்துக்குப் பழகிப்போன பார்வை நரம்புக்கு ரத்தம் போதாமல் பார்வையே போகலாம். எனவே வீட்டில் தாமாக மாத்திரையைக் கூட்டி விழுங்கக் கூடாது. பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், கர்ப்பிணிக்குப் பார்வை மங்கினாலோ, கண் முன் மின்னல்போலத் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரஷர் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைக் காட்டிவிடுங்கள். மாத்திரைச் சீட்டையும், அழுத்தம் குறித்துவைத்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். அன்று வண்டி ஓட்ட வேண்டாம். வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். அவருக்கும் நாற்பது தாண்டியிருந்தால், அங்கேயே ஒருமுறை பிரஷர் பார்த்துவிடுங்கள்.