மானிட்டரில் எழுத்து மங்கலா? கண்ணாடியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

சில வாரங்களுக்கு முன் நம் அவனியாபுரத்துத் தாய் ஒருவர், மகனுக்குப் புதுக் கண்ணாடி வாங்க உதவி கேட்டு வந்தார். அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் பையன் படிக்கிறான். திரை சிறியது என்று செகண்ட் ஹேண்டில் பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி இணைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எழுத்து கலங்கித் தெரிகிறதாம். பாடப் புத்தகத்தைக் கொடுத்தோம். தடங்கல் இல்லாமல் வாசித்தான். மடிக்கணினித் திரையும் தெளிவாகவே தெரிகிறது என்றான். கோளாறு கண்ணில் இல்லை, மானிட்டர் அமைப்பில் இருந்தது.

2011 முதல் தமிழக அரசு வழங்கிய அந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றின் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் உண்டு. இன்று பரவலாக உள்ள மானிட்டர்களில் 1920, 1080. அதாவது ஏறக்குறைய பத்தரை லட்சம் புள்ளிகளுக்கான படத்தை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் பரப்ப வேண்டும். ஒரு புள்ளிக்கு 1.4 புள்ளி என்று கணக்கு வருகிறது. புள்ளியைப் பாதியாக வெட்ட முடியாதே! அதனால் பக்கத்துப் புள்ளிகளில் நிறத்தை இழுகி மானிட்டர் சமாளிக்கிறது. அந்த இழுகல்தான் நமக்கு மங்கலாகத் தெரிகிறது. அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்களில் எந்த அளவு வைத்தாலும் ஓரளவு ஒப்பேறும். தட்டை மானிட்டர் அப்படியல்ல. அதற்குரிய அளவு ஒன்றுதான்.

ஆங்கிலத்தை விடத் தமிழுக்கு இதில் பாதிப்பு அதிகம். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துவிடும். ண, ன இரண்டின் சுழியும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஆன்லைனில் குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளைகளுக்கோ இன்னும் சிரமம். பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றே, புள்ளிதான் வேறுபாடு. ஸாவின் மூன்று புள்ளி ஒன்றாகக் கலந்தால் பிள்ளை என்ன செய்யும்?

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். முதலில் விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டுங்கள். 'டூப்ளிகேட்' என்று இருந்தால் இரண்டு திரைக்கும் ஒரே அளவுதான் போகும். பையன் வீட்டில் நடந்தது இதுதான். 'எக்ஸ்டெண்ட்' அல்லது 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' என்று மாற்றுங்கள். பிறகு திரையின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' சென்று, மானிட்டரின் படத்தைத் தேர்ந்தெடுத்து, 'ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்று உள்ளதை வையுங்கள். தவறாகத் தொட்டுத் திரை கறுத்துவிட்டால் பதற வேண்டாம். எதையும் அழுத்தாமல் 15 விநாடி பொறுத்தால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

பட்டியலில் சரியான அளவே வரவில்லை என்றால் பெரும்பாலும் வயர்தான் காரணம். நீல நிற விஜிஏ முனையில் ஒரு பின் வளைந்திருந்தாலும் மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்ல முடியாமல் போகலாம். இரண்டிலும் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த வயரே நல்லது. விஜிஏதான் வழி என்றால் மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள்.

இப்போது எழுத்து தெளிவாகும், ஆனால் சிறிதாகத் தெரியலாம். வீட்டுப் பெரியவர்களுக்காக அளவைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கும் தவற்றைப் பலர் செய்கிறார்கள். அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 ஆக்குங்கள். தெளிவு குறையாமல் எழுத்து பெரிதாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கலாகவே இருந்தால், அல்லது புத்தகமும் கரும்பலகையும் கலங்கினால், தள்ளிப்போடாமல் கண் பரிசோதனைக்குச் செல்லுங்கள். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் கட்டணமில்லாப் பிரிவும் உண்டு.

செய்து பார்த்தும் வரவில்லை என்றால் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் பார்த்துத் தருகிறோம். மானிட்டர் வயரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பாதிப் பேர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.