உங்களுக்குத் தெரியுமா? ஸ்ட்ராபெரியின் சதை கனியன்று

வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஸ்ட்ராபெரி, அமெரிக்கக் கண்டங்களின் ஈரினங்கள் ஐரோப்பாவில் கலந்து உருவான கலப்பினமாகும். பிரெஞ்சுப் பொறியாளர் பிரெசியே 1714-இல் சிலியிலிருந்து கொண்டுவந்த பெருங்கனிச் செடிகள், பெண்பூக்களை மட்டுமே தாங்கியமையால் காய்க்காது நின்று, வட அமெரிக்க வர்ஜீனிய இனத்தின் மகரந்தம் கிடைத்த பின்னரே பலன் தந்தன. இக்கலப்பைத் துஷேன் என்னும் தாவரவியலாளர் 1766-இல் விளக்கினார். உண்ணப்படும் சிவந்த சதை, பூத்தளம், அதாவது பூவின் உறுப்புகளைத் தாங்கும் அடிப்பகுதி, பருத்து உண்டானதேயன்றிக் கனியன்று. அதன்மேல் விதைபோல் ஒட்டியிருக்கும் சிறுமணிகளே, ஒவ்வொன்றும் ஒரு விதையை அடக்கிய, உண்மைக் கனிகள். மகரந்தம் சேராத மணியைச் சுற்றியுள்ள சதை பருப்பதில்லையாதலால், கோணிய பழத்தைக் கண்டதும் நோயெனக் கருதி மருந்து தெளிப்பது பெரும்பாலும் வீண்வேலை. பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லியைத் தவிர்த்துத் தேனீக்களை வரவிடுவதும், அவை வாராத மாடங்களில் மென்தூரிகையால் பூக்களை வருடிவிடுவதும் போதுமானவை.