கனடா குளிருக்கு விண்டர் டயர் அவசியமா? செலவுக்கு ஏற்ற பலன் இருக்கா?

வேலைக்காக டொரன்டோ போய் முதல் கார் வாங்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது: ‘கார்ல ஏற்கெனவே ஆல் சீசன் டயர் இருக்கே, தனியா விண்டர் டயர் எதுக்கு?’

என்ன வித்தியாசம்?

பனி விழுந்தால்தான் சிக்கல் என்றில்லை, குளிரே போதும். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், சாலையில் பிடிமானம் குறையும். விண்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்.

ஆல் வீல் டிரைவ் இருந்தா போதாதா?

போதாது. வண்டியைக் கிளப்ப அது உதவும். பிரேக் அடித்தால் காரை நிறுத்துவது டயரின் பிடிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். தமிழர்கள் அதிகம் வசிக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் விண்டர் டயர் போட்டவர்களுக்கு காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 முதல் அங்கே உள்ளது.

செலவு கட்டுப்படியாகுமா?

முதலில் கை கடிக்கும். ஆனால் ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேயாது. இரண்டுமே கூடுதல் வருடங்கள் உழைக்கும்.

வாங்கும்போது கவனிக்க

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட சின்னம் இருக்கணும். காசை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றாதீர்கள். முன்பக்கம் மட்டும் மாற்றினால், திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கி கார் சுழன்றுவிடலாம். நான்கையும் மாற்றுவதே பாதுகாப்பு.