சாய்ந்து நிற்கும் கார்

பழைய அம்பாசடர் கார் ஒன்று சமதரையில் நிற்கிறது. பின்னால் சென்று பார்த்தால் அதன் இடப்பக்கம் மூன்று விரற்கடை தாழ்ந்திருக்கிறது. "ஸ்பிரிங் போய்விட்டது" என்று சொல்லாதவர் இல்லை. நானும் அவ்வாறே நம்பி, ஒரு பட்டறையில் விட்டுப் பின்புற ஸ்பிரிங்குகள் இரண்டையும் மாற்றினேன். பணம் போயிற்று, சாய்வு போகவில்லை. அதன் பிறகே காரணத்தைத் தேடலானேன். முதலில் தேடியிருக்க வேண்டும்.

இந்தக் காரின் பின் அச்சைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். எஃகுப் பட்டைகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஓர் ஆணியால் இறுக்கி, வில்போல் வளைத்திருப்பார்கள். முன்முனை சட்டத்தில் நிலையாகப் பொருந்தியிருக்கும். பின்முனையோ ஷாக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுமாகையால், அந்த நீட்சிக்கு இடம் வேண்டுமல்லவா?

இழுவிசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவே என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டார். விடையை 1678இல்தான் சொன்னார். இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிய பாரத்தாலோ, நெடுநாள் உழைப்பாலோ எஃகு தன் பழைய வடிவுக்கு முழுதும் திரும்புவதில்லை. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொய்ந்த ஸ்பிரிங் தன் உயரத்தைத்தான் இழந்தது; விறைப்பை இழக்கவில்லை. விறைப்பு பட்டையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றைப் பொறுத்தது, அவை மாறவில்லையே!

ஆகவே, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பட்டையொன்றைக் கூட்டும் வழக்கம் தவறானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு ஸ்பிரிங்குகளும் 20 கிலோ பாரத்துக்கு 1 செ.மீ. அமிழ்வன என்றும், இடப்புறத்தது 2 செ.மீ. தொய்ந்துவிட்டது என்றும் கொள்வோம். அதில் பட்டை கூட்டி 25 கிலோவுக்கு 1 செ.மீ. ஆக்குகிறோம். பக்கத்துக்கு 200 கிலோ பாரமெனில் வலம் 10 செ.மீ., இடம் 8 செ.மீ. அமிழும், வண்டி நேராகிவிடும். பட்டறைக்காரரும் மகிழ்வார், நாமும் மகிழ்வோம். குடும்பத்தோடு ஏறிப் பாரம் 300 கிலோ ஆனதும் வலம் 15, இடம் 12. இப்போது இடப்பக்கம் 1 செ.மீ. உயர்ந்து நிற்கும். சாய்வு மறையவில்லை, பக்கம் மாறியிருக்கிறது.

சோதிக்கும் முறைக்கு வருவோம். டயர்களின் காற்றைச் சமமாக்கி, சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளக்க வேண்டும். பின்பு பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்புறக் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கியை வைத்து, முன்சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்குங்கள். இப்போது முன்பாகம் ஒரே புள்ளியில் நிற்பதால், வண்டியின் சாய்வைப் பின் ஸ்பிரிங்குகளே முடிவு செய்யும். சாய்வு நீடித்தால் குற்றம் பின்னால்; மறைந்தால் முன்னால். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் புகலாகாது. அது நழுவினால் உயிர் போகும்.

குற்றம் பின்னால் என்றால், பட்டைகளில் முறிவுண்டா, நடு ஆணி அறுந்ததா என்று பாருங்கள். ஆணி அறுந்தால் அச்சே இடம்பெயரக்கூடும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது. ஸ்பிரிங்குகளைக் கழற்றி, வில்லுக்கு நாண் பூட்டுவதுபோல் இரு கண்களுக்கும் இடையே நூல் கட்டி, வளைவின் ஆழத்தை அளந்தால் தொய்ந்தது எதுவெனத் தெரிந்துவிடும். மீண்டும் வளைப்பதானால் இரண்டையும் சேர்த்தே வளைக்க வேண்டும். காய்ச்சி அடித்த எஃகுக்கு முறைப்படி பதமேற்றாவிடில் சில மாதங்களில் மறுபடியும் தொய்யும்.

மாட்டும்போது நேரும் பிழை ஒன்றுண்டு. சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்கிவிடுவார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்குண்டு, தானும் ஒரு ஸ்பிரிங்காகி அப்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். விரைவில் கிழிந்தும் போகும். பாரம் சக்கரங்களில் இறங்கிய பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும்.

என் காரில் ஜாக்கியை உயர்த்தியதும் பின்புறம் நேரானது! முன்புறத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி. இடப்புறக் கம்பி தளர்ந்திருந்தது. உடல் ஒரே கட்டாக இருப்பதால், முன் இடப்பக்கம் தாழ்ந்தால் பின் இடப்பக்கமும் உடன் தாழும். கண்ணில் பட்டதென்னவோ பின்புறந்தான். வலக் கம்பியை இடத்தில் மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு திசையிலேயே முறுக்குண்டு பழகிய கம்பியை எதிர்த்திசையில் மாட்டலாகாது. இடக் கம்பியையே கழற்றி, அதன் முனைப் பற்களில் ஒரு பல் தள்ளிப் பொருத்தினோம். வண்டியை முன்னும் பின்னும் சிறிது ஓட்டி, ஸ்பிரிங்குகள் அமைந்தபின் அளந்தோம். வேற்றுமை அரை அங்குலத்துக்கும் குறைவு. அதற்குமேல் நான் தொந்தரவு செய்யவில்லை. வலப்புறம் நான் ஏறி உட்கார்ந்தால் அந்த அளவு தாழத்தானே போகிறது!