வீட்டுச் சுவருக்கு எந்த நிறம்?

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். பட்டினப்பாக்கத்துக் குடியிருப்புகளில் அந்நாள்களில் எங்கு சென்றாலும், "இந்த வருஷம் என்ன நிறம் அடிக்கலாம்?" என்ற பேச்சே காதில் விழும். நீலம் அடித்தால் வீடு குளிரும் என்று எங்களுள் பலர் நம்பியிருந்தோம். அது உண்மைதானா?

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவற்றை வெப்ப நிறங்கள் என்பர். அவை தீயையும் ஞாயிற்றையும் நினைவூட்டுகின்றன. நீலம், பச்சை ஆகியவை குளிர் நிறங்கள். அவை கடலையும் இலையையும் நினைவூட்டுகின்றன. மஞ்சள் வெதுவெதுப்பான உணர்வையும் நீலம் குளிர்ந்த உணர்வையும் தருவதாக, ஜெர்மானியக் கவிஞர் கதே 1810-ஆம் ஆண்டு வெளியிட்ட நிற ஆய்வு நூலில் எழுதினார். 'உணர்வு' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். குளிர்வது கண்தான், உள்சுவரின் நிறத்தை மாற்றுவதால் வெப்பமானி இறங்கிவிடாது.

மேல்மாடி வீட்டின் வெக்கை பெரும்பாலும் மொட்டைமாடித் தளத்தின் வழியே இறங்குகிறது. தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். அப்போது வீடு மெய்யாகவே சற்றுக் குளிரும்.

உள்ளே நாம் கருத வேண்டியது வெளிச்சம். வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. அடர்நீலமோ பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில், ஒரே சன்னலுள்ள அறைக்கு அடர்நீலம் அடித்தார்கள். வெக்கை குறையவில்லை, பகலிலேயே விளக்குப் போட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. மறுவருஷம் வெளிர்மஞ்சள் அடித்தார்கள். அதே சன்னலின் வெளிச்சம் அவள் புத்தகத்துக்குப் போதுமானதாயிற்று.

ஆகவே அறையின் திசையைப் பார்த்து நிறம் தேர்வோம். நேர்வெயில் குறைந்த வடக்கு அறைக்கும் இருண்ட சமையலறைக்கும் வெளிர்மஞ்சளோ சந்தன நிறமோ பொருந்தும். மாலை வெயில் கண்ணைக் கூசச் செய்யும் மேற்கு அறைக்கு வெளிர்நீலம், வெளிர்பச்சை இதம் தரும். எந்த நிறமாயினும் உட்கூரை வெண்மையாக இருப்பது நலம்.

கடலோர வீடுகளுக்கு மற்றொன்றும் உண்டு. ஈரம் ஊறி உப்புப் பூத்த சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உரிந்துவிடும். முதலில் நீர்க்கசிவை அடைத்து, சுவரைக் காயவிட்டு, உப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு நிறம் பற்றிப் பேச்செழும்போது, வீட்டில் படிக்கும் பிள்ளை எங்கே உட்கார்கிறாள் என்பதையும் சேர்த்துக் கேட்போம். அவளுக்கு வெளிச்சம் தரும் நிறமே அந்த வீட்டுக்கு அழகு.